மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

குற்றாலத்தில் நான் மேனேஜராக இருந்த லாட்ஜில் சாப்பாட்டு ஹாலின் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதை நிறுத்தும்போது நான் கூட நின்றேன். கழற்றும்போதும் நின்றேன். நடுவில் இரண்டு சீசன் போயிற்று. அந்த இரண்டாவது சீசனைப் பற்றி என் வீட்டில்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன்னால் தென்காசியில் ஒரு அரிசி மில்லில் கிளார்க்காக இருந்தேன். உமித்தூசி நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போகவே, மில்லை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் வியாபாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் குற்றாலத்தில் லாட்ஜ் கட்டுகிறார், கணக்கும் ஆட்களும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். மறுநாளே வரச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. வேலைக்காரர்களுக்கு வடிக்கிற சோற்றைத்தான் அவரும் சாப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. கொழும்பில் இளவயதில் ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சரக்கு இறக்கப் போனாராம். கடலைப் பார்த்த சாப்பாட்டு அறை. வெளியே மழை கொட்டுகிறது, இவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் நனையாமல் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டாராம், இப்படி ஒன்று நம் ஊரில் கட்ட வேண்டும் என்று. சீசனுக்கு வருகிற வக்கீல்களும் ஜமீன் குடும்பங்களும் எஸ்டேட் துரைகளும் சாரல் மேலே படாமல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அருவியைப் பார்க்க வேண்டும். இதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

கண்ணாடி தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் தென்காசிக்கு வந்தது. எட்டுப் பலகைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை ஆள் உயரம். வைக்கோல் அடைத்த மரச்சட்டத்துக்குள் எல்லாவற்றையும் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். அதோடு கண்ணாடி பொருத்துகிறவரும் தூத்துக்குடியில் இருந்தே வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், ஒல்லி, கழுத்தில் ஒரு சிலுவைக் கயிறு. ஸ்டேஷனில் வண்டிக்காரர்கள் அதைப் படுக்க வைத்துக் கட்டப் போனபோது ஓடி வந்து தடுத்தார். படுக்க வைத்தால் தன் கனத்திலேயே விரிசல் விட்டுப்போகும் என்றார். குற்றாலம் வரைக்கும் மாட்டு வண்டிகளின் பின்னாலேயே நடந்து வந்தார்.

ஹாலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இது மேக்க பாத்த சொவரு. ஆனி ஆடியில கணவாய்க் காத்து நேரா இதுலதான் வந்து மோதும். இம்புட்டுப் பெரிய கண்ணாடிய ஒத்தையா நிப்பாட்டக் கூடாது. நடுவுல குறுக்க ஒரு சட்டம் வேணும்" என்றார்.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். குறுக்குச் சட்டம் போட்டால் அருவியை இரண்டாக அறுத்த மாதிரி இருக்கும், வேண்டாம் என்றுவிட்டார். பொருத்துகிறவர் விடவில்லை. அப்படியானால் தரையில் இருந்து இடுப்புயரத்துக்குச் சுவர் வையுங்கள், அதற்கு மேல் கண்ணாடி வரட்டும், இல்லாவிட்டால் ஆட்கள் தெரியாமல் வந்து மோதுவார்கள் என்றார். அதற்கும் முதலாளி சம்மதிக்கவில்லை. கடைசியில் பொருத்துகிறவர் இரண்டு காரியம் மட்டும் கேட்டுக்கொண்டார். கண்ணாடி அசைந்து கொடுக்க, அதைச் சுற்றிச் சட்டத்துக்குள் ஒரு நூல் அளவு இடைவெளி விட்டிருக்கிறேன், அதை எதை வைத்தும் அடைக்கக் கூடாது. சட்டத்தில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டையும் என்னிடம்தான் சொன்னார். நான் சரி என்றேன்.

புறப்படுகிற அன்றைக்கு, வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்றை முற்றத்தில் கல்லின் மேல் சாய்த்து வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். துண்டு நாலைந்தாகப் பிளந்து விழுந்தது. ஒவ்வொன்றும் நீளமாக, ஒரு முனை ஊசியாக, ஒரு பக்கம் சீவினது போல இருந்தது. ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். வாங்கப் பயந்து சாக்கை வைத்துப் பிடித்தேன்.

"பானை உடஞ்சா ஓடு. இது உடஞ்சா அரிவா. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

முதல் சீசன் பிறந்தது. கணவாய் வழியாகக் காற்று இறங்கி, மலை மேல் மஞ்சு கட்டி, பேரருவி விழ ஆரம்பித்ததும் கூட்டம் வந்துவிட்டது. ஹாலில் இடம் கேட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். இப்படி ஒரு ஹால் மதுரையிலும் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். முதலாளி வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு உள்ளே அனுப்புவார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் அங்கே நிற்க மனசு வராது. உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளியே தோட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். எட்டுக் கண்ணாடியிலும் மலையின் பிம்பம் விழுந்திருக்கும். காற்று ஓங்கி அடிக்கும்போது அந்த மலை மெல்லப் பெருத்து, காற்று விட்டதும் சுருங்கும். மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அத்தனை கனமான கண்ணாடி காற்றுக்கு வளைகிறது என்றால், உள்ளே அதை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களின் கதி என்ன என்று நினைப்பேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அழகாகத்தான் இருக்கிறது என்றார்.

வெயில் அடித்த ஒரு காலையில் மதுரை வக்கீல் ஒருவர் தோளில் துண்டோடு அருவிக்குக் கிளம்பியவர், அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாமல் நேராக நடந்துபோய் முட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். தப்பு தன்மேல்தான் என்று அவரே சிரித்துவிட்டார். முதலாளி மறுநாள் குரோட்டன்ஸ் தொட்டிகள் வாங்கிக் கண்ணாடி ஓரமாக வரிசையாக வைத்தார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அதே சீசனில் இன்னொன்றும் நடந்தது. பொருத்துகிறவர் விட்டிருந்த இடைவெளி வழியாகச் சாரல் கசிந்து உள்ளே ஓடிற்று. தரை வழுக்கியது, ஒரு ஜமீன் வீட்டம்மாவின் பட்டுச்சேலை நனைந்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னார். அப்போது எனக்குப் பொருத்துகிறவர் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. ஆனால் தண்ணீர் ஓடுகிறது, ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். ஊர்த் தச்சரைக் கூப்பிட்டு, மரச் சிம்புகளைச் சீவி இடைவெளியில் இறுக்கி அடைத்து மேலே சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் குழைத்த மக்கு பூசச் சொன்னேன். நானே பக்கத்தில் நின்று ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்து வாங்கினேன். கசிவு நின்றது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் சாரல் வலுத்துப் பெய்தது. மரம் ஊறிப் பெருத்தது. அறைக் கதவுகள் எல்லாம் சட்டத்தில் சிக்கிச் சாத்த முடியாமல் போயின. அவற்றைச் செதுக்கிச் சாத்த வைத்தேனே தவிர, ஹாலில் அடைத்த சிம்பும் அதே மாதிரி பெருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்ணாடியைத் துடைப்பதற்கு இலஞ்சியில் இருந்து ஒரு அம்மாள் வருவார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, ஒரே மகளை வடகரையில் கட்டிக் கொடுத்திருந்தார். லாட்ஜில் எல்லோருக்கும் அவர் இலஞ்சியக்கா. விடிந்ததும் வந்து, குரங்குகள் கை வைத்த அடையாளத்தையும் சாரல் கறையையும் பழைய துணியால் துடைத்து முடிக்கும்போது முதல் காப்பி இறங்கிவிடும். ஒரு நாள் காலை என் மேஜைக்கு வந்து, நாலாவது கண்ணாடி சத்தம் போடுகிறது என்றார்.

"என்ன சத்தம்?"

"பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கு. வந்து கேளுங்க."

போய்க் காதை வைத்தேன். காற்று ஓய்ந்த நேரத்தில், உள்ளுக்குள் எங்கோ நறநற என்று ஒரு சின்னச் சத்தம். வந்தது, நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். கீழே இடது மூலையில் துணி எதிலோ மாட்டி இழுக்கிறது என்றார். குனிந்து பெருவிரலால் தடவினேன். தலைமுடி ஒட்டியிருப்பது போல ஒரு கோடு, நகத்தளவு. முடி இல்லை, விரிசல்.

கோடு முடிகிற இடத்தில் அவர் வெற்றிலைப் பெட்டியில் இருந்து சுண்ணாம்பு எடுத்து ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் காலையில் கோடு பொட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு பொட்டு வைத்தார். அப்படியே தினமும். சில நாள் நகராது. நின்றுவிட்டது என்று நினைப்போம். காற்று வலுத்த மறுநாள் நாலு விரல் ஏறியிருக்கும். ஆடி பிறந்தபோது முழங்கால் உயரத்துக்கு வந்து, அங்கிருந்து வலப்பக்கமாகத் திரும்பியது. காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு அந்தப் பொட்டுகள்தான். காப்பி குடிக்காமலே போய்ப் பார்ப்பேன். அவர் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருப்பார். எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன். அவரே விரலை வைத்துக் காட்டுவார்.

முதலாளியிடம் மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை வந்து குனிந்து பார்த்து, சின்னக் கீறல்தானே என்றார். இரண்டாம் தடவை, புதுக் கண்ணாடிக்கு எழுதிப்போடுகிறேன், வர ஒரு மாசமாவது ஆகும், அதுவரை அந்த மேஜையில் யாரையும் உட்கார வைக்காதே என்றார். மூன்றாம் தடவை நான் ஹாலையே மூடிவிடலாம் என்றேன். நாலு பக்கத்தில் இருந்தும் ஆட்கள் இந்த ஹாலுக்காகத்தான் வருகிறார்கள், சீசன் முடியட்டும் என்றார். கோபப்படவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். பொருத்துகிறவருக்குத் தூத்துக்குடி விலாசத்தில் கார்டு எழுதினேன். பதில் இல்லை. அவர் அப்போது கொச்சிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த மேஜையை எடுத்துவிட்டதும் இடம் காலியாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அங்கேதான் போய் நின்று மூக்கை வைத்து அருவியைப் பார்த்தார்கள். பெரியவர்கள் சுண்ணாம்புப் பொட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். அதனால் அந்த ஒரு கண்ணாடிக்கு மட்டும் உள்பக்கம் ஒரு கனத்த திரையைத் தொங்கவிட்டுவிடலாம், பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள் என்று யோசித்தேன். யோசனை என்னுடையதுதான். முதலாளி அன்றைக்குத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார்.

ஆடியில் அப்படி ஒரு நாள் வருவது அபூர்வம். விடிந்ததில் இருந்து காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை. வெயில் அடித்ததும் லாட்ஜில் இருந்தவர்கள் எல்லோரும் துண்டும் எண்ணெயுமாக அருவிக்குப் போய்விட்டார்கள். ஹால் காலி. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. இலஞ்சியக்கா ஸ்டூலில் ஏறி நின்று, திரை மாட்டுகிற மூங்கிலை வலது கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் இன்னொரு ஸ்டூலில் நின்று ஆணி அடித்தேன். மேல் சட்டத்தில்தான். ஆணி அடிக்கக் கூடாது என்று பொருத்துகிறவர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. இரண்டே இரண்டு ஆணி, அதுவும் மெதுவாகத்தான் அடிக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் ஆணி இறங்கிவிட்டது. இரண்டாவது ஆணியில் மூன்றாவது அடி.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொட்டைப்பாக்கு வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கீழே இருந்த விரிசல் ஒரே மூச்சில் மேலே ஏறி வருவதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு மேல் பாதி அப்படியே, முழுசாக, நிமிர்ந்தபடி கீழே இறங்கியது. இலஞ்சியக்காவுக்குக் கையை இழுக்க நேரமில்லை.

அவர் அலறவில்லை. ஸ்டூலில் நின்றபடியே தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்கு மேலே குறுக்காக வாய் பிளந்திருந்தது. மூங்கில் இன்னும் கையில்தான் இருந்தது. அதை அவரால் விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. தானாக நழுவி விழுந்தது. நான் கீழே குதித்தபோது என் கணுக்காலிலும் வெட்டிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. சப்ளையர் ஓடி வந்து தன் வேட்டியைக் கிழித்து அவர் கையை இறுக்கிக் கட்டினார். கட்டின துணி கட்டி முடிப்பதற்குள் நனைந்துவிட்டது.

குதிரை வண்டியில் தென்காசிக்குக் கொண்டுபோனோம். அவர் தலை சப்ளையர் மடியில். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான். வழியெல்லாம் வெயில். இலஞ்சிக்குத் திரும்புகிற பாதை வந்தபோது கண்ணைத் திறந்தார்.

"வடகரைக்கு ஆள் விட்டுராதீங்க. மக மாசமா இருக்கா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெடுநேரம் தைத்தார். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். உள்ளே நரம்புகள் அறுந்துவிட்டன, மூன்று விரல் இனி மடங்காது என்பதை என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். என் காலில் இரண்டு தையல் போட்டார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கோயில் பக்கம், முன்பு எப்போதோ இடி விழுந்து பிளந்த கோபுரம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தியல் இன்னும் என் வேட்டி மடிப்பில் செருகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் கிராம முன்சீப் வந்தார். முதலாளியும் திருநெல்வேலியில் இருந்து வந்துவிட்டார். முகமெல்லாம் வெளுத்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்படி உடைந்தது என்று முன்சீப் என்னிடம் கேட்டார்.

"காத்து" என்றேன்.

முன்சீப் எழுதப் போனவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முந்தின நாள் காலையில் காற்றே இல்லை என்று குற்றாலத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரும் அன்றைக்கு அருவியில் குளித்தவர்தான். பேனாவை மையில் தொட்டுக் காற்று என்றே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். மேலே ஆணி அப்படியே பாதி இறங்கி நின்றது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு நான்தான் இரண்டு ஆணியையும் பிடுங்கி எறிந்தேன்.

பத்து நாள் கழித்து இலஞ்சிக்குப் போனேன். வீட்டு முன்னால் தென்னை மர நிழலில் கையைத் தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. நான் ஆணி அடித்ததால்தான் உடைந்தது, சிம்பு வைத்து அடைத்ததும் நான்தான், இரண்டும் கூடாது என்று முன்னாலேயே எனக்குத் தெரியும், முன்சீப்பிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஒன்றின் பின் ஒன்றாகக் கொட்டினேன்.

அவர் தூளியில் கிடந்த கையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா? நான் அங்கனதான நின்னேன்" என்றார். பிறகு, "ஏறச் சொன்னதும் ஏறினேன். அது உடையும்னு எனக்கும்தான் தெரியும். வேலைய விட்டுட்டு நான் எங்க போக?"

மற்ற ஏழு கண்ணாடியும் இன்னும் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றேன். யார் துடைக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் துடைக்கவில்லை என்றேன்.

"அப்பம் இன்னொருத்திய ஏத்துறதுக்கு முன்னால கழத்திருங்க" என்றார்.

அங்கிருந்து நேராகத் தென்காசித் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஜனங்கள் வந்துபோகிற கட்டடத்தில் கண்ணாடி எப்படி வைக்க வேண்டும் என்று சர்க்காரில் ஏதாவது விதி இருக்கும், அதைக் காட்டினால் முதலாளி கேட்பார் என்று நினைத்தேன். அந்த ஆபீசில் இருந்த கிளார்க் நல்லவர். தடித்த புஸ்தகத்தை எடுத்து எனக்காக முதலில் இருந்து பார்த்தார். கூரை ஓலையாக இருக்கக் கூடாது என்று இருந்தது. சாக்கடை எப்படி ஓட வேண்டும், கிணற்றுக்கு எவ்வளவு உயரம் சுவர் வேண்டும், சினிமாக் கொட்டகைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. கண்ணாடி என்ற சொல்லே இல்லை.

"கண்ணாடி ஜன்னல் கணக்குல சேந்துரும். வெளிச்சத்துக்கு எத்தன ஜன்னல் வேணும்னு ரூல் இருக்கு. அது விழுந்தா என்ன செய்யன்னு இல்ல அண்ணாச்சி" என்றார். புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடி கழிவதற்குள் புதுக் கண்ணாடி வந்து சேர்ந்தது. கூடவே கண்ணாடி பொருத்துகிற தூத்துக்குடிக்காரரும் வந்தார். பலகை அடித்து மூடியிருந்த நாலாவது சட்டத்தைத் திறந்து பார்த்தவர், ஓரத்தில் இருந்து ஒரு சிம்பைப் பிடுங்கி எடுத்தார். ஊறிப் பிதுங்கியிருந்தது. இதை யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் வைக்கச் சொன்னேன் என்றேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிம்பை என் மேஜையில் வைத்துவிட்டு மற்ற ஏழையும் பார்க்கப் போனார். இரண்டாவதிலும் ஆறாவதிலும் மூலையில் விரிசல் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னார். துடைக்க ஆள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

குறுக்குச் சட்டமும் இடுப்புச் சுவரும் இல்லாமல் இனி இந்தக் கண்ணாடியைத் தொட மாட்டேன் என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி அப்போதும் இறங்கி வரவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு அந்தக் கொழும்பு ஹோட்டலை விட மனசில்லை.

நான் அவரிடம் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "காத்தடிக்கிற நாளாப் பாத்து, ஒரு காலையில நீங்க மட்டும் அங்கன உக்காருங்க. அப்புறமா என்ன சொல்லுதீங்களோ அதக் கேட்டுக்கிடுதேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் காற்று ஓங்கியது. ஹாலில் யாரையும் விடவில்லை. முதலாளி உள்ளே போய், ஆறாவது கண்ணாடியை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தில் நனைந்துகொண்டு நின்றோம். வெளியே இருந்து பார்க்கும்போது மலையின் பிம்பத்துக்குள் அவர் உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. காற்று வந்து மோதும்போதெல்லாம் மலை பெருத்து அவரை மறைக்கும். விட்டதும் மறுபடியும் தெரிவார். ஒவ்வொரு தடவையும் அவர் தெரிகிறவரைக்கும் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷரை ஏன் உள்ளே அனுப்பினோம், இவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் என் தலையில்தானே என்று நினைத்தேன். கூப்பிட்டுவிடலாம் என்று இரண்டு தரம் கதவு வரைக்கும் போனேன். தூத்துக்குடிக்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அரை மணி நேரம் இருக்கும். முதலாளி வெளியே வந்தார். உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து நறநற என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். இதையா அந்த அம்மாள் தினமும் கேட்டுக்கொண்டு துடைத்தாள் என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கழத்திருங்க" என்றார்.

ஒவ்வொன்றாகக் கழற்ற நாலு நாள் ஆயிற்று. சாக்கைத் தண்ணீரில் நனைத்து இரண்டு பக்கமும் ஒட்டி, கயிறு கட்டி, ஆறு பேர் சேர்ந்து இறக்கினோம். இரண்டாவது கண்ணாடி இறக்கும்போதே உடைந்தது. சாக்கு இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சத்தை வைர முனையால் அறுத்துச் சிறு சிறு துண்டுகளாக்கி, இடுப்புயரம் செங்கல் சுவர் கட்டி, அதற்கு மேல் தேக்குச் சட்டங்களில் தூத்துக்குடிக்காரர் பொருத்தினார். பழைய அழகு வரவில்லை. ஆட்கள் வருவதும் கொஞ்சம் குறைந்தது.

இலஞ்சியக்கா மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இந்தக் கையோடு எனக்கு என்ன வேலை தருவீர்கள் என்று முதலாளியிடமே கேட்டார். அறைச் சாவிகள் எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. இடது கையால் பூட்டவும் திறக்கவும் பழகிக்கொண்டார். சேலை கட்டவும் சோறு பிசையவும் மட்டும் அவரால் கடைசிவரை பழைய மாதிரி முடியவில்லை. வடகரையில் பேரன் பிறந்தபோது, முதல் தடவை அவனைத் தூக்கப் பயந்து மடியில் வைக்கச் சொன்னாராம். அவரே என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

பிறகு உலகச் சண்டை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பேச்சு பரவின வருஷத்தில் சர்க்கார் ஆட்கள் ஊர் ஊராக வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். ஜனங்கள் கூடுகிற இடங்களில் எல்லாக் கண்ணாடிகளிலும் பெருக்கல் குறி மாதிரி காகிதப் பட்டை ஒட்ட வேண்டும், கண்ணாடி சிதறினால் ஆளைக் கொல்லும் என்று அச்சடித்திருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். இலஞ்சியக்காவுக்கும் படித்துக் காட்டினேன். நன்றாய் எழுதியிருக்கிறார்கள் என்றார். பசை காய்ச்சி, நான் ஒட்ட ஒட்ட அவர் பட்டைகளை எடுத்துக் கொடுத்தார். குண்டு ஒன்றும் விழவில்லை.

சண்டை முடிகிற சமயத்தில் முதலாளி படுத்துவிட்டார். கடைசி வாரத்தில் நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அவருக்குப் பேச்சு விட்டு விட்டு வரும். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அன்றைக்குத் திருநெல்வேலிக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்றார். அதெல்லாம் இப்போது எதற்கு என்றேன்.

"அந்தக் காத்து மட்டும் அடிக்காம இருந்திருந்தா..." என்றார்.

அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை என்று முன்சீப்புக்குத் தெரியும். இலஞ்சியக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு ஊரில் இல்லாத முதலாளி ஒருவருக்குத்தான் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு நாளில் போய்விட்டார்.